மலை வீட்டில் வைஃபை பிரிண்டர்: இடம் பார்ப்பது முதல் முகவரியைப் பூட்டுவது வரை

கட்டபெட்டிலோ எடப்பள்ளியிலோ குடியிருப்பவர் பிள்ளையின் நுழைவுச்சீட்டை ஒரு பக்கம் அச்செடுக்க வேண்டுமென்றால், பஸ் பிடித்துக் கோத்தகிரிக்கோ குன்னூருக்கோ போக வேண்டும். ஜெராக்ஸ் கடையில் நின்று, கடைக்காரரின் வாட்ஸ்அப் எண்ணுக்குக் கோப்பை அனுப்பி, அது அவர் கணினியில் இறங்கும் வரை காத்திருக்க வேண்டும். ஆதார் நகலும் பட்டா நகலும் வங்கிக் கணக்கு விவரமும் இப்படித்தான் யார் யாருடைய கைப்பேசியிலோ தங்கிவிடுகின்றன.

வீட்டுக்கே ஒரு பிரிண்டர் வாங்கிவிட்டால் இந்த அலைச்சல் இல்லை. ஆனால் வாங்கியவர்களில் பலர் முதல் மழைக்காலத்திலேயே 'ஆஃப்லைன்' என்ற ஒரு சொல்லோடு மல்லுக்கட்டத் தொடங்கிவிடுகிறார்கள். பிரிண்டர் கண்முன்னே இருக்கிறது, விளக்கு எரிகிறது, கணினி மட்டும் அதைக் காணவில்லை என்கிறது. பிரிண்டரோடு வரும் கையேட்டைப் படித்தால், அது ஏதோ நகரத்து அடுக்குமாடியில், ஒரே தளத்தில், மெல்லிய சுவர்களுக்குள் வாழ்பவருக்காக எழுதியது போலிருக்கும். நீலகிரியில் கோளாறு பெரும்பாலும் பிரிண்டருக்குள் இருப்பதில்லை. கல்சுவர், தகரக் கூரை, சரிவில் படிப்படியாக இறங்கும் அறைகள், போய்ப் போய் வரும் மின்சாரம் என்று அது வீட்டில் இருக்கிறது.

ஆகவே இங்கே வரிசை கொஞ்சம் மாறியிருக்கும். முதலில் இடம், அடுத்து ரூட்டர், பிறகுதான் பிரிண்டரை இணைப்பது. இணைத்த கையோடு அதன் முகவரியை, அதாவது வீட்டு நெட்வொர்க்கில் அதற்குக் கிடைக்கும் எண்ணை, மாறாதபடி பூட்ட வேண்டும். கணினியும் கைப்பேசியும் கடைசியில். பலரும் அந்தக் கடைசிப் படியில் தொடங்குவதால்தான் சிக்கிக்கொள்கிறார்கள்.

வாங்கும்போது

கடையில் ஒரே முகச்சாயலில் இரண்டு மாடல்கள் இருக்கும். ஒன்றில் வைஃபை உண்டு, மற்றதில் யுஎஸ்பி மட்டும். விலை குறைவாக இருக்கிறதே என்று இரண்டாவதை எடுத்துவிடாதீர்கள். அட்டைப்பெட்டியில் ஏர்பிரிண்ட், மாப்ரியா என்ற பெயர்களில் ஒன்றாவது இருக்கிறதா என்றும் பாருங்கள். ஏர்பிரிண்ட் ஆப்பிள் நிறுவனம் 2010-இல் கொண்டுவந்தது. ஐபோனும் மேக் கணினியும் தனி மென்பொருள் எதுவும் இல்லாமல் அதன் வழியாக அச்சிடும். மாப்ரியா ஆண்ட்ராய்டு பக்கம் அதே வேலையைச் செய்கிறது. நிறுவனத்தின் செயலி பின்னாளில் கைவிடப்பட்டாலும் இவை இருந்தால் பிரிண்டர் பிழைத்துக்கொள்ளும். 2020 டிசம்பர் 31-இல் கூகுள் தன் கிளவுட் பிரிண்ட் சேவையை மூடியபோது, அதையே நம்பியிருந்தவர்கள் வேறு வழி தேட வேண்டி வந்தது.

லேசரா, இங்க் டேங்கா என்பதை மலையில் மின்சாரத்தை வைத்தே முடிவு செய்ய வேண்டும். லேசர் பிரிண்டர் தன் உருளையைச் சூடாக்கும் நேரத்தில் பல நூறு வாட் இழுக்கும். சிறிய இன்வெர்ட்டரும் யுபிஎஸ்ஸும் அதைத் தாங்காது. இங்க் டேங்க் அச்சிடும்போதுகூடப் பெரும்பாலும் 10 முதல் 20 வாட்டுக்குள் முடித்துக்கொள்ளும். எப்போதாவது ஒரு பக்கம் எடுக்கும் வீட்டுக்கு, மை காய்ந்துபோகிற தொல்லை இல்லாத லேசரே மேல் என்பேன். ஆனால் அதை இன்வெர்ட்டர் இணைப்பு இல்லாத பிளக்கில்தான் மாட்ட வேண்டும். பிள்ளைகள் படிக்கும் வீட்டுக்கு இங்க் டேங்க் போதும்.

இடம்: பாதி வேலை இதில்தான்

வைஃபை இரண்டு அலைவரிசைகளில் வருகிறது: 2.4 கிகாஹெர்ட்ஸ், 5 கிகாஹெர்ட்ஸ். 5 வேகமானது, ஆனால் சுவரைக் கண்டால் சோர்ந்துவிடும். 2.4 மெதுவானது, சுவரைத் தாண்டுவதில் கெட்டிக்காரன். வீட்டு உபயோகப் பிரிண்டர்களில் பெரும்பாலானவை 2.4-ஐ மட்டுமே அறியும். இது குறையல்ல, ஒரு பக்கத்தை அனுப்புவதற்கு அந்த வேகம் தாராளம்.

என்றாலும் 2.4-க்கும் ஓர் எல்லை உண்டு. ஊட்டி, குன்னூர்ப் பக்கத்துப் பழைய பங்களாக்களின் கல்சுவர் ஒன்றரை அடிக்குக் குறையாது. இரண்டு சுவர் தாண்டினால் அலை பாதி உயிரோடுதான் வந்து சேரும். தகரம் இன்னும் மோசம்: உலோகம் அலையைத் திருப்பி அடித்துவிடும் என்பதால், தகரத் தடுப்புக்கு அப்பால் இருக்கும் அறைக்குச் சிக்னல் கதவு வழியாகத்தான் வர வேண்டும். சரிவில் கட்டிய வீட்டில் கீழ் அறையின் ஒரு பக்கம் மண்ணோடு மண்ணாக இருக்கும். மேலே வாசல் பக்கம் இருக்கும் ரூட்டரிலிருந்து அங்கே அலை இறங்குவது கடினம். மழையில் ஊறிய சுவர் காய்ந்த சுவரைவிட அதிகமாக விழுங்கும். மே மாதத்தில் சரியாக ஓடிய பிரிண்டர் ஜூலையில் காணாமல் போவதற்கு இதுவும் ஒரு காரணம்.

எனவே பிரிண்டரைத் தூக்கி வைப்பதற்கு முன், கைப்பேசியைக் கொண்டுபோய் அந்த இடத்தில் வையுங்கள். வைஃபை வலிமையை எண்ணாகக் காட்டும் இலவசச் செயலிகள் ஆண்ட்ராய்டில் உண்டு. கைப்பேசியை 2.4 அலைவரிசையில் இணைத்துக்கொண்டு எண்ணைப் பாருங்கள். மைனஸ் 60-க்குப் பக்கத்தில் இருந்தால் கவலை இல்லை. மைனஸ் 70 என்றால் ஓடும். மைனஸ் 75-ஐத் தாண்டிவிட்டால் அந்த இடத்தை மறந்துவிடுங்கள். அங்கே வைத்தால் இன்று இணையும், நாளை நழுவும். அளக்கும்போது கதவைச் சாத்திவிட்டே அளக்க வேண்டும், ஏனென்றால் குளிர் காலத்தில் நம் வீடுகளில் கதவு திறந்தே இருப்பதில்லை.

கணப்பு அடுப்பின் மாடம், இரும்பு பீரோவின் மேல்புறம், மைக்ரோவேவ் அடுப்புக்குப் பக்கம் ஆகிய மூன்றும் பிரிண்டருக்கு ஆகாத இடங்கள். மைக்ரோவேவும் அதே 2.4-இல் இயங்குவது, பால் சூடாகும் நேரத்தில் அச்சு நின்றுபோகும். சன்னலோரமும் வேண்டாம். பனிமூட்டம் உள்ளே வந்தால் முதலில் நனைவது தட்டில் இருக்கும் காகிதம்தான்.

சில நேரங்களில் நகர்த்த வேண்டியது பிரிண்டரை அல்ல, ரூட்டரை. கேபிள் போட வருகிற தம்பி, துளை போட எது எளிதோ அங்கே மாட்டிவிட்டுப் போவார். "இன்னும் பத்து மீட்டர் கூட விட்டு நடுக்கூடத்தில் வைத்துக் கொடுங்கள், தம்பி" என்று அன்றைக்கே கேட்டுக்கொள்வது நல்லது. கேபிளுக்குக் கூடுதலாகக் கொடுக்கும் பணம், பின்னால் சிக்னலை நீட்டிக்கும் ரிப்பீட்டர் வாங்கும் பணத்தைவிடக் குறைவு.

நகர்த்தவே முடியாது என்றால், வீட்டில் தூங்கும் பழைய ரூட்டரை இரண்டாவது முனையாக மாற்றலாம். நீலகிரியில் நீளமான வீடு வைத்திருக்கும் பலர் இதைச் செய்கிறார்கள், அதில் ஒரே இடத்தில் சறுக்குகிறார்கள். முதல் ரூட்டரிலிருந்து வரும் லேன் கேபிளை இரண்டாவது ரூட்டரின் 'வேன்' துளையில் (வெளி இணையம் வந்து சேரும் துளை) செருகிவிட்டால், அது தனக்கென்று ஒரு தனி நெட்வொர்க்கை உண்டாக்கிக்கொள்ளும். பிரிண்டர் ஒரு நெட்வொர்க்கில், கணினி மற்றொன்றில். இணையம் இரண்டிலும் வரும், ஆனால் ஒன்றையொன்று பார்க்காது. சரியான முறை இது: இரண்டாவது ரூட்டரின் அமைப்புப் பக்கத்தில் 'ஆக்சஸ் பாயின்ட்' முறை இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள். இல்லையென்றால் அதன் சொந்த முகவரியை 192.168.1.2 என்பது போல, முதல் ரூட்டரின் முகவரியோடும் வேறு எதனோடும் மோதாத ஒன்றாக மாற்றி, கருவிகளுக்கு முகவரி பங்கிடும் டிஎச்சிபி-யை அணைத்து, கேபிளை 'லேன்' துளையிலேயே செருகுங்கள். இரண்டிலும் வைஃபை பெயரும் பாஸ்வேர்டும் ஒன்றாகவே இருக்கட்டும்.

லேன் கேபிள் 100 மீட்டர் வரை போகும். ஆனால் தோட்டத்தைத் தாண்டி இன்னொரு கட்டடத்துக்குத் திறந்தவெளியில் செம்புக் கம்பி இழுப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். இடி விழும் ஊர் இது. அந்தத் தூரத்துக்குக் கண்ணாடி இழைக் கேபிள்தான் பத்திரம்.

ரூட்டருக்குள் நான்கு மாற்றங்கள்

ரூட்டரின் அடியில் ஒட்டியிருக்கும் சீட்டில் ஒரு முகவரி இருக்கும், பெரும்பாலும் 192.168.1.1 அல்லது 192.168.0.1. அதை உலாவியில் தட்டி, அதே சீட்டில் இருக்கும் பயனர் பெயர், பாஸ்வேர்டைக் கொடுத்து உள்ளே போங்கள்.

முதலாவது, 2.4-க்கும் 5-க்கும் தனித்தனிப் பெயர் வையுங்கள். புதிய ரூட்டர்கள் இரண்டையும் ஒரே பெயரில் காட்டி, எது வேண்டுமோ அதைத் தாங்களே தேர்ந்துகொள்ளும். கைப்பேசிக்கு அது வசதி. ஆனால் புதிதாக இணைக்க வரும் பிரிண்டர் அதில் குழம்புகிறது. இணைத்து முடித்தபின் உங்கள் கைப்பேசி 5-லேயே இருக்கலாம். இரண்டும் ஒரே அலைவரிசையில் இருந்தால்தான் அச்சாகும் என்று பலர் நம்புகிறார்கள், அப்படி இல்லை. ஒரே ரூட்டரின் ஒரே நெட்வொர்க் என்றால் போதும்.

இரண்டாவது, பாதுகாப்பு வகை. அது டபிள்யூபிஏ3 மட்டும் என்று இருந்தால் சில ஆண்டுகளுக்கு முந்தைய பிரிண்டர் எட்டிக்கூடப் பார்க்காது. டபிள்யூபிஏ2, அல்லது 2-உம் 3-உம் கலந்த முறையை வையுங்கள். பாஸ்வேர்டில் ஆங்கில எழுத்தும் எண்ணும் மட்டும் இருக்கட்டும்; பிரிண்டரின் சிறிய திரையில் அம்புக்குறியை அழுத்தி அழுத்தி ஒரு விசித்திரக் குறியைத் தேடுகிறவருக்குத்தான் இதன் அருமை தெரியும். நீளமாக வையுங்கள், விசித்திரமாக வேண்டாம்.

மூன்றாவது, சேனல். தேயிலைத் தோட்டத்து லைன் வீடுகளிலும், வீடுகள் சுவரோடு சுவராக வரிசை கட்டி நிற்கும் ஹட்டி எனப்படும் படுகர் ஊர்களிலும், ஒரே இடத்தில் பத்துப் பன்னிரண்டு வைஃபை பெயர்கள் தெரியும். 2.4-இல் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் 1, 6, 11 மூன்றுதான். முன்பு சொன்ன செயலியிலேயே அண்டை வீடுகள் எந்தச் சேனலில் குவிந்திருக்கின்றன என்று தெரியும். குறைவாக இருப்பதை எடுத்துக்கொள்ளுங்கள். அகலம் 20 மெகாஹெர்ட்ஸ் போதும். தோட்டத்துக்கு நடுவே தனியாக நிற்கும் வீட்டுக்காரர் இதைத் தொடவே வேண்டாம்.

நான்காவது, விருந்தினர் நெட்வொர்க். ஹோம்ஸ்டே நடத்துபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். விருந்தினருக்கென்று தனியாகத் திறக்கும் வைஃபையில் ஒரு கருவி இன்னொரு கருவியைப் பார்க்க முடியாதபடி தடுப்பு இருக்கும். இருக்கவும் வேண்டும். பிரிண்டரை அதில் இணைத்துவிட்டு அச்சாகவில்லை என்றால் தவறு அதனுடையதல்ல. பிரிண்டர் எப்போதும் வீட்டு நெட்வொர்க்கில் இருக்கட்டும். விருந்தினருக்குப் பக்கம் வேண்டுமென்றால் கோப்பை உங்களுக்கு அனுப்பட்டும்.

பெட்டியைத் திறந்து இணைப்பது

உள்ளே ஒட்டியிருக்கும் நாடாக்களை எல்லாம் எடுத்துவிட்டீர்களா என்று மூடியைத் திறந்து இரண்டு முறை பாருங்கள். இங்க் டேங்க் என்றால் மை ஊற்ற வேண்டும். இங்கே மலைக்கே உரிய ஓர் எச்சரிக்கை. ஊட்டியின் உயரம் சுமார் 2,240 மீட்டர். இந்த உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தைவிட ஏறத்தாழ கால் பங்கு குறைவு. கீழே அடைத்து மூடிய சிப்ஸ் பாக்கெட் இங்கே வரும்போது உப்பிக்கொள்கிறதே, மைப் புட்டிக்குள்ளும் அதே அழுத்தம்தான். புட்டியை நிமிர்த்திப் பிடித்து, கைக்குட்டையால் மூடிக்கொண்டு, மூடியை மெதுவாகத் திருகுங்கள். வேட்டியிலும் சேலையிலும் தெறித்த மை போகாது.

மை ஊற்றியபின் பிரிண்டர் அதைக் குழாய்களுக்குள் இழுத்துக்கொள்ளச் சில நிமிடங்கள் எடுக்கும். சில மாடல்களில் 10 நிமிடம் வரை. இடையில் மின்சாரம் போகக்கூடாது. காற்றும் மழையுமான நாளில் இந்த வேலையைத் தொடங்காதீர்கள்.

திரை உள்ள பிரிண்டர் என்றால் இணைப்பது எளிது: நெட்வொர்க் பகுதிக்குப் போய், உங்கள் 2.4 பெயரைத் தேர்ந்து, பாஸ்வேர்டைத் தட்ட வேண்டியதுதான். திரை இல்லாத மாடல்களுக்கு இரண்டு வழிகள். ரூட்டரில் பாஸ்வேர்டு தட்டாமலே இணைக்கும் டபிள்யூபிஎஸ் பொத்தான் இருந்தால், பிரிண்டரின் வைஃபை பொத்தானைக் கையேடு சொல்லும் நேரம் வரை அழுத்திப் பிடித்து, 2 நிமிடத்துக்குள் ரூட்டரின் பொத்தானையும் அழுத்துங்கள். ரூட்டர் மேலறையில், பிரிண்டர் கீழறையில் என்றால் அந்த 2 நிமிடம் ஓட்டப்பந்தயமாகிவிடும். இணைக்கும் நேரத்துக்கு மட்டும் பிரிண்டரை ரூட்டர் பக்கத்தில் கொண்டுபோய் வைத்துக்கொள்ளலாம். டபிள்யூபிஏ3 மட்டும் வைத்திருக்கும் ரூட்டரில் டபிள்யூபிஎஸ் இயங்காது.

இரண்டாவது வழி, நிறுவனத்தின் செயலி. அதில் படிகள் ஏறத்தாழ எல்லா நிறுவனத்துக்கும் இப்படித்தான்:

1. கைப்பேசியை 2.4 வைஃபையில் இணையுங்கள். மொபைல் டேட்டாவையும் விபிஎன்னையும் அணையுங்கள். புளூடூத்தையும் இருப்பிட அனுமதியையும் திறந்து வையுங்கள். அனுமதி இல்லையென்றால் செயலியால் பக்கத்து வைஃபைகளைத் தேட முடியாது.

2. பிரிண்டரை அமைவு நிலைக்குக் கொண்டுவாருங்கள். புதியது என்றால் தானாகவே அந்த நிலையில் இருக்கும், வைஃபை விளக்கு மின்னும். இல்லையென்றால் வைஃபை அமைப்பை மட்டும் அழிக்கும் பொத்தான் சேர்க்கை கையேட்டில் இருக்கும்.

3. செயலியில் புதிய பிரிண்டரைச் சேர்க்கச் சொல்லுங்கள். கைப்பேசி சிறிது நேரம் உங்கள் வைஃபையை விட்டு, பிரிண்டரின் சொந்த வைஃபைக்குத் தாவும். 'இந்த வைஃபையில் இணையம் இல்லை, வெளியேறவா' என்று கைப்பேசி கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். பாதிப் பேருக்கு இணைப்பு அறுபடுவது இந்தக் கேள்விக்கு அவசரமாகச் சரி சொல்வதால்தான்.

4. வீட்டு வைஃபை பெயரையும் பாஸ்வேர்டையும் கொடுங்கள். மின்னிக்கொண்டிருந்த விளக்கு நிலைத்து எரிந்தால் பிரிண்டர் உள்ளே வந்துவிட்டது.

வைஃபை டைரக்ட் என்ற ஒன்றையும் செயலி காட்டும். ரூட்டரே இல்லாமல் கைப்பேசியும் பிரிண்டரும் நேராகப் பேசிக்கொள்ளும் வழி அது. கேபிள் அறுந்து, ரூட்டரும் படுத்துவிட்ட நாளுக்குக் கைவசம் வைத்திருங்கள், அன்றாடத்துக்கு வேண்டாம்.

முகவரியைப் பூட்டுங்கள்

கையேடுகள் சரியாகச் சொல்லாத படி இது. நீலகிரியில் இதைத் தவிர்த்தால் மற்ற எல்லாம் வீண்.

ரூட்டர் தன்னிடம் வரும் ஒவ்வொரு கருவிக்கும் ஓர் ஐபி முகவரியைக் கடனாகக் கொடுக்கிறது. அந்த வேலைக்குத்தான் டிஎச்சிபி என்று பெயர். இன்று பிரிண்டருக்கு 192.168.1.7 கிடைத்திருக்கலாம். இரவு காற்றில் மரம் சாய்ந்து மின்சாரம் போய், காலையில் திரும்ப வரும்போது, எல்லாக் கருவிகளும் ஒரே நேரத்தில் ரூட்டரிடம் வந்து நிற்கும். பல ரூட்டர்கள் பழைய கணக்கை மறந்துவிட்டு, முதலில் வந்தவருக்கு முதல் எண் என்று கொடுத்துவிடும். இப்போது 7 தொலைக்காட்சியிடம் போய்விட்டது, பிரிண்டர் 11-இல் உட்கார்ந்திருக்கிறது. கணினியோ பழைய முகவரிக்கே போய்க் கதவைத் தட்டிவிட்டு, ஆஃப்லைன் என்று சொல்கிறது. மின்வெட்டு குறைவான ஊரில் இது எப்போதோ நடக்கும். இங்கே மழைக்காலம் முழுக்க நடக்கும்.

தீர்வு எளிது. பிரிண்டரிலிருந்து நெட்வொர்க் நிலைப் பக்கம் ஒன்றை அச்செடுங்கள். எந்தப் பொத்தான் என்று கையேட்டில் இருக்கும். அதில் ஐபி முகவரியோடு, இரண்டிரண்டு எழுத்தாகப் பிரித்து எழுதிய மேக் முகவரி என்ற ஒன்றும் இருக்கும். மேக் கணினியோடு இதற்குத் தொடர்பில்லை, அது அந்தப் பிரிண்டருக்குப் பிறவி எண். ரூட்டரின் அமைப்புப் பக்கத்தில் லேன் அல்லது டிஎச்சிபி பகுதிக்குப் போனால், முகவரி ஒதுக்கீடு செய்யும் இடம் இருக்கும். மேக் முகவரியை அங்கே இட்டு, 192.168.1.50 போன்ற நினைவில் நிற்கும் எண்ணைக் கொடுத்துச் சேமியுங்கள். உங்கள் ரூட்டர் 192.168.0 வரிசையில் இருந்தால் அதற்கேற்ப மாற்றிக்கொள்ளுங்கள். பிரிண்டரை ஒரு முறை அணைத்துப் போட்டால் புதிய எண்ணில் வந்து உட்காரும்.

ஒதுக்கீட்டு வசதி இல்லாத ரூட்டர்களும் இருக்கின்றன. அப்போது பிரிண்டரிலேயே முகவரியைக் கையால் எழுதலாம். ரூட்டர் பகிரும் எண்கள் 2 முதல் 200 வரை என்றால், அதற்கு வெளியே 220-ஐ எடுத்துக்கொள்ளுங்கள், சப்நெட் 255.255.255.0, கேட்வே என்ற இடத்தில் ரூட்டரின் முகவரி. எண்ணை அடுத்த வீட்டுப் பையனுக்குக்கூடத் தெரியும்படி பிரிண்டரின் பக்கவாட்டில் ஒரு சீட்டில் எழுதி ஒட்டிவிடுங்கள்.

நிலைப் பக்கத்தில் முகவரி 169.254 என்று தொடங்கினால், ரூட்டரிடமிருந்து பிரிண்டருக்கு முகவரியே கிடைக்கவில்லை என்று பொருள். பாஸ்வேர்டையோ சிக்னலையோ பார்க்க வேண்டும். கணினியில் எதையும் நிறுவிப் பயனில்லை.

கணினியும் கைப்பேசியும்

விண்டோஸ் 11-இல் 'செட்டிங்ஸ்', 'புளூடூத் அண்ட் டிவைசஸ்', 'பிரிண்டர்ஸ் அண்ட் ஸ்கேனர்ஸ்' என்று போய், 'ஆட் டிவைஸ்' அழுத்தினால் பிரிண்டரின் பெயர் தானாக வரும். அதை உடனே அழுத்திவிடாதீர்கள். அப்படிச் சேர்த்தால் விண்டோஸ் பல நேரங்களில் டபிள்யூஎஸ்டி என்ற வழியில் இணைக்கும். அது பிரிண்டரைத் தேடிக் கண்டுபிடிக்கும் முறை, தேடல் தவறும் நாளில் ஆஃப்லைன். அதற்குப் பதிலாக, சிறிது நேரம் கழித்துத் தோன்றும் கைமுறைச் சேர்க்கையை அழுத்தி, ஐபி முகவரி வழியாகச் சேர்க்கும் விருப்பத்தைத் தேர்ந்து, 'டிசிபி ஐபி டிவைஸ்' என்று குறித்து, நாம் பூட்டிய எண்ணைக் கொடுங்கள். அதே பக்கத்தின் கீழே, இயல்பான பிரிண்டரை விண்டோஸே தீர்மானிக்கும் விருப்பத்தை அணைத்துவிடுங்கள். வைஃபை பண்புகளில் நெட்வொர்க் வகை 'பிரைவேட்' என்று இருக்க வேண்டும். 'பப்ளிக்' என்றால் கணினி மற்ற கருவிகளிடமிருந்து தன்னை மறைத்துக்கொள்ளும், ஸ்கேன் வராமல் போகும்.

மேக் கணினியில் பிரிண்டர் பட்டியலில் கூட்டல் குறியை அழுத்தி, ஏர்பிரிண்ட்டைத் தேர்ந்தால் வேலை முடிந்தது. ஐபோனில் பகிர்வுக் குறியை அழுத்தினால் அச்சிடும் விருப்பம் வரும். ஆண்ட்ராய்டில் அமைப்புகளில் 'பிரிண்டிங்' என்று தேடி, உள்ளே இருக்கும் அச்சுச் சேவை திறந்திருக்கிறதா என்று பாருங்கள். பிரிண்டர் தெரியாவிட்டால் மாப்ரியா பிரிண்ட் சர்வீஸைப் பிளே ஸ்டோரிலிருந்து போட்டுக்கொள்ளலாம். அண்மைக்கால லினக்ஸ் பதிப்புகள் பெரும்பாலும் தாமாகவே கண்டுகொள்ளும்.

மின்சாரம் போய் வந்தால்

இங்க் டேங்க் பிரிண்டரைச் சுவர் சுவிட்சில் அணைப்பது கெட்ட பழக்கம். அதன் சொந்தப் பொத்தானை அழுத்தினால்தான் அச்சுத்தலை ஓரமாக ஒதுங்கி, மூடிக்குள் போய் உட்காரும். இல்லையென்றால் திறந்த நிலையில் மை காய்ந்து, அடுத்த முறை வரிவரியாக வெள்ளைக் கோடு விழும். அச்சிடும் நடுவே மின்சாரம் போய்விட்டால், வந்தவுடன் ஒரு முறை போட்டு, அது ஆடி அடங்கியபின், பொத்தானில் அணையுங்கள். அதன் பிறகு சுவர் சுவிட்சை அணைக்கலாம்.

திரும்பப் போடும்போது முதலில் ரூட்டர். அதன் இணைய விளக்கு நிலைக்க ஓரிரு நிமிடம் கொடுத்துவிட்டுப் பிரிண்டரைப் போடுங்கள். ரூட்டருக்கென்றே விற்கும் 12 வோல்ட் சிறிய யுபிஎஸ் ஒன்றை வாங்கிவிட்டால் இந்தத் தொல்லையில் பாதி தீரும். கோடை இடியின்போதும் ஐப்பசி மழையின்போதும் இரண்டையும் பிளக்கிலிருந்தே பிடுங்கிவிடுங்கள். கண்ணாடி இழைக் கேபிள் மின்சாரத்தைக் கடத்தாது என்பது உண்மைதான். ஆனால் ரூட்டருக்கு மின்சாரம் கொண்டுவரும் கம்பி கடத்தும்.

குளிர், ஈரம், காகிதம்

வீட்டுப் பிரிண்டர்கள் பெரும்பாலும் 10 முதல் 35 டிகிரி செல்சியஸுக்குள் இயங்கும்படி செய்யப்பட்டவை. ஜனவரியில் ஊட்டி, லவ்டேல் பக்கம் புல்லில் உறைபனி கிடக்கும் காலையில், தகரக் கூரை அறையின் வெப்பம் அதற்கும் கீழே போகும். வெயில் ஏறும் வரை பொறுத்திருங்கள். ஸ்கேன் செய்த பக்கத்தின் நடுவே மங்கலான வெள்ளைத் திட்டு வந்தால், கண்ணாடிக்கு அடியில் ஈரம் படிந்திருக்கலாம். மூடியைத் திறந்து வைத்தால் தானாகக் காயும். ஹீட்டரை அருகில் கொண்டுபோகாதீர்கள்.

காகிதம் ஈரத்தைக் குடிப்பது. கூடலூருக்குத் தென்மேற்குப் பருவமழை, குன்னூர், கோத்தகிரிக்கு வடகிழக்குப் பருவமழை என்று மலையில் ஏதாவது ஒரு பக்கம் நனைந்துகொண்டேதான் இருக்கும். ஈரமேறிய தாள் சுருளும், இரண்டிரண்டாக ஒட்டிக்கொண்டு உள்ளே போகும், மை ஊறிப் படரும். தட்டில் காகிதக் கட்டு முழுவதையும் அடுக்காதீர்கள். அன்றைக்கு வேண்டிய தாளை மட்டும் வையுங்கள். மீதி அதன் உறையிலேயே, மூடியுள்ள டப்பாவில் இருக்கட்டும். காலணிப் பெட்டியில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களைத் தூக்கி எறியாமல் அதற்குள் போட்டு வைக்கலாம். வாரம் ஒரு முறை எல்லா நிறமும் உள்ள ஒரு பக்கம் எடுத்தால் அச்சுத்தலை அடைக்காது.

மறுபடியும் ஆஃப்லைன் என்றால்

எதையும் நீக்கி மறுபடி நிறுவாதீர்கள். முதலில் கைப்பேசியின் உலாவியில் பிரிண்டரின் முகவரியைத் தட்டுங்கள். பிரிண்டரின் சொந்தப் பக்கம் திறந்தால் நெட்வொர்க் நன்றாக இருக்கிறது, கோளாறு கணினியில். அங்கே வரிசையில் நிற்கும் பழைய கோப்புகளை அழித்து, 'சர்வீசஸ்' பகுதியில் 'பிரிண்ட் ஸ்பூலர்' என்பதை மறுபடி தொடங்குங்கள். பக்கம் திறக்கவில்லை என்றால் கணினியைத் தொடவே வேண்டாம். பிரிண்டரின் வைஃபை விளக்கையும் நிலைப் பக்கத்தையும் பாருங்கள், ரூட்டரையும் பிரிண்டரையும் சொன்ன வரிசையில் அணைத்துப் போடுங்கள். இந்த ஒரு சோதனை, மணிக்கணக்கான குழப்பத்தைச் சில நிமிடத்தில் இரண்டாகப் பிரித்துக் காட்டிவிடும்.

இடியில் ரூட்டர் போய்ப் புதியது வந்தால், பழைய வைஃபை பெயர், பாஸ்வேர்டு, பாதுகாப்பு வகை மூன்றையும் எழுத்துப் பிசகாமல் புதியதில் வைத்துவிடுங்கள். பிரிண்டர் மாற்றத்தை அறியாமலே வந்து ஒட்டிக்கொள்ளும். முகவரி ஒதுக்கீட்டை மட்டும் புதிய ரூட்டரில் மறுபடி எழுத வேண்டும். அதற்காகவே மேக் முகவரி உள்ள அந்த நிலைப் பக்கத்தை மடித்து ரூட்டர் பெட்டியில் போட்டு வையுங்கள்.